கை ஒரு வேலையில், மனம் வேறெங்கோ

கேள்வி: அடுப்படியில் நிற்கும்போது மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வருகிறது, கட்டணம் கட்ட வங்கி வரிசையில் நிற்கும்போது கேஸை மூடினேனா என்று மனம் அடித்துக்கொள்கிறது. நிகழ்காலத்தில் வாழப் பழகுங்கள் என்கிறார்கள். மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் சிறிது நேரத்திலேயே மனம் ஓடிவிடுகிறது. அதுவும் தவிர, நாளையை நினைக்காமல் குடும்பம் நடத்த முடியுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அந்த ஐயம் தீராமல் எந்தப் பயிற்சியிலும் மனம் ஊன்றாது. நாளைக்குத் திட்டமிடுவது வேறு, நாளையை எண்ணிக் கலங்குவது வேறு. மாலையில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டணம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, சீட்டுப் பணம் எப்போது வரும் என்று கணக்கெழுதுவது, அந்த நேரத்தில் நீங்கள் முழுக் கவனத்தோடு செய்யும் வேலை. அதே கட்டணத்தை வெங்காயம் நறுக்கும்போது எத்தனை முறை நினைத்தாலும் கையிருப்பு ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை. ஆகவே கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, மற்ற நேரங்களில் அது தலைகாட்டினால், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வையுங்கள்.

மனம் ஓடுவது உங்களுக்கு மட்டுமே உள்ள குறை அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும், சுமார் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது, இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டு, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 47 சதவீதத் தருணங்களில் மனம் கைவேலையை விட்டு வேறெங்கோ இருந்தது. இனிய நினைவுகளில் திளைத்தவர்கள்கூட, செய்யும் வேலையிலேயே மனம் வைத்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்த முடிவு.

மூச்சைக் கவனிக்கும் முறை புத்தர் காலத்திலிருந்து வருவது. நீண்ட மூச்சை நீண்டது என்றும், குறுகிய மூச்சைக் குறுகியது என்றும் அறிந்திருக்கச் சொன்னாரே தவிர, எண்ணமே எழக்கூடாது என்று அவர் கேட்கவில்லை. மனம் போய்விட்டது என்று உணர்கிறீர்களே, அந்தக் கணம் விழிப்புக்கு உரியது; தன்னைத்தானே திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புவதுதான் பயிற்சி. நூறு முறை போனால் நூறு முறை திரும்பலாம்.

உட்கார்ந்து பழகுவது கடினமாக இருந்தால் அடுப்படியிலேயே தொடங்குங்கள். அரிசி களையும்போது நீரின் குளிர்ச்சியையும், விரலிடுக்கில் நழுவும் அரிசியையும், வெளுத்துக் கலங்கிய கழுநீர் அடுத்த அலசலில் தெளிவதையும் பாருங்கள். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் நாள்பட்ட வலியுள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலும், ஒரே ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்பது ஒரு பாடம். உங்களுக்கு முதல் கவளச் சோறு போதும். அதுவரை தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும்.

பத்து நாள் மௌனம் காக்கும் விபாசனா தியான முகாமுக்கு இப்போதே போக வேண்டியதில்லை. மூச்சைக் கவனிக்கும்போது படபடப்பு கூடினால், கண்களைத் திறந்து, பாதங்கள் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டு, கேஸை மூடினேனா என்ற சந்தேகம் திரும்பத் திரும்ப எழுந்து பார்க்க வைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால், பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மனநல மருத்துவரிடம் தயங்காமல் காட்டுங்கள்.