பயன்படுத்திய அணு எரிபொருளை ஏற்றிச்செல்லும் கலன்களில் வெப்பக் கணிப்பு: கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிரவைத்த பிறகும் எரிபொருள் ஏன் சூடாக இருக்கிறது?

பதில்: அணுப்பிளவு நின்றாலும் சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 போன்றவற்றின் கதிரியக்கச் சிதைவு தொடர்கிறது. பத்தாண்டு கழிந்த அழுத்தநீர் உலை எரிபொருள், டன்னுக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தை வெளியிடுகிறது.

கேள்வி: ஐயா, ஓர் எரிபொருள் தொகுப்பில் 17×17 அடுக்கில் தண்டுகள் உள்ளன. முழுக் கலனின் மாதிரியில் ஒவ்வொன்றையும் வரைய வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு தொகுப்பின் குறுக்குவெட்டை மட்டும் விரிவாக வரைந்து, தண்டுகளுக்கிடையிலான வெப்பக் கதிர்வீச்சையும் கலனில் நிரப்பிய ஹீலியம் வழியான கடத்தலையும் பல சுவர் வெப்பநிலைகளில் கணித்து, அவற்றிலிருந்து ஒரு சமானக் கடத்துதிறனைப் பெற்று, தொகுப்பை ஒரே திண்மமாக மாதிரியில் வைப்பதே வழக்கம். கதிர்வீச்சின் பங்கினால் இம்மதிப்பு வெப்பநிலையோடு உயரும் என்பதால், ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நீளவாக்குக் கடத்துதிறனைத் தனியே கணிக்க வேண்டும்.

கேள்வி: ஹீலியம் ஏன்?

பதில்: காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், எரிபொருளை மூடியுள்ள உலோக உறைக்குழாயோடு வினைபுரியாது.

கேள்வி: தொகுப்புகளைத் தாங்கும் கூடைக்கும் கலனின் உட்சுவருக்கும் இடையே நான் வைக்கும் இடைவெளியைச் சற்றே மாற்றினாலும் உச்ச வெப்பநிலை வெகுவாக மாறுகிறது. எந்த மதிப்பைக் கொள்வது?

பதில்: இத்துறையின் மிகக் கடினமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. வரைபடத்தில் உள்ளது குளிர்ந்த நிலையின் இடைவெளி. எரிபொருள் ஏற்றியதும் அலுமினியப் பாகங்கள் எஃகைவிட மிகுதியாக விரிந்து அதைச் சுருக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் நார்த் அன்னா நிலையத்தில் 2017இல் டிஎன்-32பி சேமிப்புக் கலனில் 32 தொகுப்புகளை ஏற்றி, உள்ளே தெர்மோகப்பிள்கள் (வெப்பநிலை உணரிகள்) செருகி அளந்தார்கள். உரிமத்துக்கான கணக்கு 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியிருக்க, அளந்த உச்சம் 240ஐக்கூட எட்டவில்லை. கணக்கில் கொண்ட வெப்பச்சுமை மிகுதியாக இருந்ததும், இடைவெளிகளைப் பெரிதாக வைத்துக்கொண்டதும் இதற்கான காரணங்களில் அடங்கும். பெரிய இடைவெளி பாதுகாப்பான அனுமானம் என்பது வெப்பம் வெளியேறும்போது மட்டுமே உண்மை. வெளியே தீ எரியும்போது அதே இடைவெளி வெப்பத்தை உள்ளே விடாமல் தடுத்து நம் கணக்கைச் சாதகமாக்கிவிடும்; ஆகவே தீக்கணிப்பில் இடைவெளியை மூடியும், தீ அணைந்தபின் மீண்டும் திறந்தும் கணிக்க வேண்டும்.

கேள்வி: விதிமுறை கேட்கும் 800 டிகிரி செல்சியஸ் தீயை மாதிரியில் 30 நிமிடம் கொடுத்தேன், எரிபொருள் அதிகம் சூடாகவில்லை. கணக்கு முடிந்ததா?

பதில்: முடியவில்லை. தடித்த எஃகுச் சுவர் வாங்கிய வெப்பம் மெல்ல உள்ளே செல்வதால், எரிபொருளின் உச்ச வெப்பநிலை தீ அணைந்து பல மணி நேரம் கழித்தே வரும். நியூட்ரான் தடுப்புப் பிசின் தீயின்போது இருப்பதாகவும் பின்னர் எரிந்துபோனதாகவும் கொள்வது கடுமையான நிலையைத் தரும். 38 டிகிரிச் சூழலையும் வெயிலையும் குளிர்ச்சிக் கட்டத்திலும் சேருங்கள்.

கேள்வி: உண்மைத் தீ அரை மணியில் அணையுமா?

பதில்: அணையாமலும் போகலாம். 2001 ஜூலையில் பால்டிமோரின் ஹாவர்ட் தெருச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்த தீ அதைவிட நெடுநேரம் நீடித்தது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் அத்தீயைக் கணினியில் உருவாக்கி மூன்று வகைக் கலன்களை அதில் வைத்துப் பார்த்தது. எரிபொருள் உறை தாங்கியது. சில வகைகளில் மூடியின் அடைப்பு வளையங்களே வரம்பைத் தாண்டின. எனவே எரிபொருளின் எண்ணை மட்டும் அறிக்கையில் தந்தால் போதாது.

கேள்வி: வெப்பநிலையைக் கூட்டிக் காட்டுவதில் என்ன தீங்கு? உறைக்குழாய்க்கான 400 டிகிரி வரம்புக்குள் இருந்தால் போதாதா?

பதில்: உறையின் வலிமையை ஆராய்பவருக்குத் தீங்குண்டு. உறைக்குழாயில் ஹைட்ரைடுகள் (உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்கள்) திசைமாறிப் படிவதை அறிய உயர் வெப்பநிலை தேவை; ஆனால் ஆறிய உறை நொறுங்கும் தன்மை பெறுகிறதா என்பதை அறிய, பயணத்தின்போது அது எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்ற எண் தேவை. அவருக்கு மேல்வரம்போடு சிறந்த மதிப்பீட்டையும் அதன் பிழை எல்லைகளையும் சேர்த்துக் கொடுங்கள்.