முன் ஷாக்கு பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை: கேள்வியும் பதிலும்

மலைச் சைக்கிளின் முன் ஷாக்கைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நம் சைக்கிள் குழுவில் எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்கள். நான் எந்தக் கம்பெனியிலும் பயிற்சி பெற்றவன் இல்லை. நாகர்கோவிலில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொந்த ஃபோர்க்கையும் (முன் வீலைப் பிடிக்கும் கவை, ஷாக்கு இருப்பது இதில்தான்) ஊரார் ஃபோர்க்கையும் பிரித்து மாட்டிப் பழகியவன், அவ்வளவுதான். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்று: ஃபோர்க்கில் டபிள்யூடி-40 (துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே) அடிக்காதீர்கள்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: பன்னிரண்டாயிரம் ரூபாய் சைக்கிள் வைத்திருக்கிறேன். அதில் 80 மி.மீ. இறங்கும் காயில் (ஸ்பிரிங்) ஷாக்கு. ஆன்லைனில் 120 மி.மீ. ஏர் (காற்று அடைத்த) ஃபோர்க் பார்த்தேன். மாட்டலாமா அண்ணே?

தம்பி, காசை எடுப்பதற்கு முன்னால் ஸ்கேலை எடு. முதலில் ஹேண்டிலுக்குள் ஏறும் தண்டு. உன் சைக்கிளில் அநேகமாக மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், 28.6 மி.மீ. இன்றைக்கு வரும் நல்ல ஏர் ஃபோர்க் பெரும்பாலும் அடியில் 1.5 இஞ்சாக விரியும் டேப்பர் தண்டு. உன் ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் அது இறங்கவே இறங்காது.

அடுத்தது அச்சு. உன் வீல் 9 மி.மீ. குயிக் ரிலீஸ் (மெல்லிய அச்சு). புது ஃபோர்க் 15 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (தடித்த அச்சு) என்றால் வீல் நடுவில் இருக்கும் ஹப்பும் மாற வேண்டும். அதிலும் 100 அகலம், 110 அகலம் என்று இரண்டு சாதி இருக்கிறது. உன் பிரேக் டிஸ்க் இல்லாமல் ரிம்மைப் பிடிக்கும் பழைய வி-பிரேக் என்றால் அதை மாட்டும் முளை புது ஃபோர்க்கில் இருக்காது. வீல் 26 இஞ்சா, 27.5-ஆ, 29-ஆ என்பதையும் பார்.

இதெல்லாம் பொருந்தினாலும் உயரம் இடிக்கும். 80-க்கு என்று செய்த ஃபிரேமில் 120 மாட்டினால் முன்பக்கம் 40 மி.மீ. தூக்கும். 20 மி.மீ. உயர்ந்தாலே தலைக்கோணம் (தலைக்குழாய் சாய்ந்து நிற்கும் கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன் வீல் அலையும், தலைக்குழாய் ஒட்டும் இடத்தில் ஃபிரேமுக்குக் கூடுதல் இழுவை. 100 வரைக்கும் போ, அதற்கு மேல் வேண்டாம். உண்மையைச் சொன்னால், அந்தப் பணத்துக்கு நல்ல டயர் இரண்டும் பிரேக் பேடும் வாங்கி, இருக்கிற ஃபோர்க்கை ஒரு தடவை பிரித்துச் சுத்தம் செய். வித்தியாசம் தெரியும்.

குளச்சல்: வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஷாக்கு இறங்கினால் ஏற மறுக்கிறது. குழாயில் பழுப்புப் புள்ளிகள். கடற்கரையில்தான் ஓட்டுகிறேன். ஃபோர்க் போய்விட்டதா?

போகவில்லை, பட்டினி கிடக்கிறது. போன மழைக்குப் பிறகு மணவாளக்குறிச்சியிலிருந்து இதே கதையோடு ஒரு சைக்கிள் என்னிடம் வந்தது. அடி போல்ட்டைக் கழற்றிக் கீழ்க்காலை (குழாய் மேல் ஏறி இறங்கும் கீழ்ப்பாதியை) இழுத்தேன். முதலில் கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர் வந்தது, கால் டம்ளர் இருக்கும். அதற்குப் பின்னால் கருமணல். கிரீஸ் என்று பேருக்குக்கூட இல்லை. விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றது. அந்தப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற கல். உங்கள் ஷாக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் உள்ளே உப்புத்தாள் ஓடுகிறது.

செய்ய வேண்டியது இது. முன் வீலைக் கழற்றுங்கள். ஏர் ஃபோர்க் என்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இரண்டு கால்களின் அடியிலும் உள்ள போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட் தலையில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் உள்ளே மரை கெடும். பிடி விட்டதும் போல்ட்டை எடுத்துக் கீழ்க்காலை இழுத்தால் வந்துவிடும். ஒரு கம்பில் பனியன் துணி சுற்றி உள்ளே துடையுங்கள், துணி வெள்ளையாக வெளியே வரும்வரை. சீலின் (கீழ்க்காலின் வாயில் இருக்கும் ரப்பர் வளையம்) உதட்டிலும் புஷ்ஷிலும் (குழாய் வழுக்கி ஓடும் உள்வளையம்) சஸ்பென்ஷன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கோனுக்கு (பேரிங்குக்கு) போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அது கெட்டி, ஷாக்கை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். சீலுக்குக் கீழே ஃபோம் வளையம் உள்ள ஃபோர்க் என்றால் அந்த வளையத்தை ஃபோர்க் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். உள்ளே எத்தனை மில்லி ஊற்றுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

பழுப்புப் புள்ளி துரு. விலை குறைந்த ஃபோர்க்கில் குழாய் இரும்பு, மேலே குரோம் பூச்சு. 2000 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு லேசாகத் தேய்த்தால் மேடு போகும். சீல் ஓடும் இடத்தில் குழி விழுந்திருந்தால் நெயில் பாலிஷ் வைத்து அடைத்துச் சமப்படுத்துங்கள், கொஞ்ச நாள் ஓடும்.

இரணியல்: எத்தனை நாளைக்கு ஒருமுறை சர்வீஸ்?

ஷாக்கு கம்பெனிகளில் ராக் ஷாக்ஸ் கீழ்க்காலுக்கு 50 மணி நேரம் என்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒன்று என்கிறது. வாரத்தில் மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி என்பது நாலு மாதம். நமக்கு மழை இரண்டு. நாஞ்சில்நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் அறுப்பது மாதிரி, ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் ஃபோர்க்கைப் பிரித்துவிடுங்கள். மறக்காது.

சுங்கான்கடை: ஷாக்கு கீச்சென்று சத்தம் போடுகிறது. டபிள்யூடி-40 அடிக்கலாமா?

மேலே முதல் பத்தி.

தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதெல்லாம் எதற்கு? ஒரு காலத்தில் குளச்சலிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு மேடு ஏறி வந்தார்களே, அந்தச் சைக்கிளில் எந்த ஷாக்கு இருந்தது? மிதிக்கிற சக்தியில் பாதியை இந்த ஸ்பிரிங் தின்கிறது.

சார், பாதி உங்கள் பக்கம் நியாயம். விலை குறைந்த காயில் ஃபோர்க் இரண்டரை கிலோவைத் தொடும். ஷாக்கு இல்லாத சாதா ஃபோர்க் ஒரு கிலோ சுமார். வீட்டிலிருந்து வடசேரி வரைக்கும் தார் ரோட்டில் போய்வருகிறவர் அந்த ஒன்றரை கிலோவைச் சும்மா சுமக்கிறார். ஆனால் பாதி சக்தி போகிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுந்து நின்று மிதித்தால் சைக்கிளின் மூக்கு ஆடும், அப்போது கொஞ்சம் போகும். உட்கார்ந்து மிதித்தால் சொற்பம். ஏற்றத்துக்கு லாக் அவுட் (ஷாக்கை ஆடாமல் பூட்டுவது) இருக்கிறது.

இதற்குள் குலசேகரத்திலிருந்து ஒருவர் நுழைந்து, "சார் ரப்பர் தோட்டத்தில் வேர் மேல் இறங்கிப் பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டார். சார் விடவில்லை: "பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் அதே வேர் மேல்தான் சாதா சைக்கிளில் போகிறார்கள், தம்பி." ஆளுக்கு ஒரு பக்கமாகப் பதினெட்டுப் பேர் இதில் இறங்கிவிட்டார்கள், கேள்வி கேட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, என் அனுபவத்தைச் சொல்லி இதை முடிக்கிறேன். ஒரு வருடம் முழுக்க இரும்பு சாதா ஃபோர்க்கில்தான் தோட்டப் பாதைகளில் ஓட்டினேன். ஏற்றத்தில் சுகம். இறக்கத்தில் பத்து நிமிடத்துக்குள் உள்ளங்கை மரத்துப்போய் பிரேக் லீவர் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. பால் வெட்டுகிறவர் அந்த வேரை மெதுவாகக் கடக்கிறார், நாம் வேகமாக இறங்க ஆசைப்படுகிறோம். ஷாக்கு சொகுசுக்கு மட்டும் இல்லை சார், முன் டயரை மண்ணோடு ஒட்டவைத்திருப்பது அதுதான். ஒட்டியிருந்தால்தான் திரும்பும், பிரேக் பிடிக்கும். வேகம் வேண்டாதவருக்கு 2.25 இஞ்சு டயரில் 30 பிஎஸ்ஐ காற்று போதும், அதுவே ஷாக்கு. மீன்பெட்டி கட்டியவர்கள் வேறு வழி இல்லாமல் ஓட்டினார்கள், அதைச் சிலாகிக்க எனக்கு மனம் வரவில்லை.

சார் மறுபடி எழுதியிருக்கிறார்: "டயர் விஷயத்தை ஒப்புக்கொண்டதே எனக்குப் போதும்." இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழி: ஏர் ஃபோர்க்கில் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாமா?

கூடாது. வால்வு கார் டயரைப் போல இருப்பதால் எல்லாரும் ஏமாறுகிறார்கள். உள்ளே இடம் கொஞ்சம், கம்ப்ரசர் ஒரு தட்டில் எங்கேயோ கொண்டுபோய்விடும். ஷாக்குக்கென்று கைப்பம்பு இருக்கிறது, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். ஆள் எடையைப் பொறுத்தது, கீழ்க்காலில் பெரும்பாலும் அட்டவணை ஒட்டியிருக்கும். சரிபார்க்க: குழாயில் ரப்பர் வளையம் இல்லையென்றால் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி சீல்வரை இறக்குங்கள் (நம் ஊரில் ரப்பருக்குப் பஞ்சமா?). பையோடு ஏறி, குலுக்காமல் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, மெதுவாக இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் பேண்ட் 15 முதல் 20 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. அதிகம் நகர்ந்தால் காற்று போதாது.

பூதப்பாண்டி: எந்தக் கம்பெனி நல்லது?

உங்கள் ஊரில் சீல் கிடைக்கிற கம்பெனி.

திற்பரப்பு: முன் பிரேக் பிடித்து ஆட்டினால் டக் டக் என்கிறது. ஷாக்கை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர்.

பொறுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை ஹேண்டிலுக்குக் கீழே தலைக்குழாயும் ஃபோர்க்கும் சேரும் இடுக்கில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன் செட் (தலைக்குழாய் பேரிங்) தளர்வு. ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்தி, மேல் மூடி போல்ட்டை இறுக்கி, பிறகு ஸ்டெம் போல்ட்டை இறுக்கினால் தீர்ந்தது, ஐந்து நிமிட வேலை. அங்கே இல்லாமல் சீல் பக்கத்தில் விரலுக்கு அசைவு தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம்.

தோவாளை: கீரிப்பாறை, காளிகேசம் காட்டுக்குள் ஓட்ட நல்ல தடம் எது?

அது என் துறை இல்லை, வனத்துறையின் துறை. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

கருங்கல்: டபிள்யூடி-40 வேண்டாம் என்றால் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தலைக்குத் தடவுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், நாள்பட்டால் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் குழாயைத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை இல்லை.

களியக்காவிளை: கார் வாஷில் பிரஷர் தண்ணீர் அடித்தேன், இப்போது ஷாக்கு இறுகிவிட்டது. டபிள்யூடி-40…

தம்பி, குளச்சல்காரருக்குச் சொன்னதை மேலே போய்ப் படி. கழற்றும்போது கீழே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்.