மூன்றாவது தடவை கேட்கும்போது

வணக்கம் சார்,

என் மகள் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படம் வரைவாள். அதனால் மூன்று தோழிகளின் உயிரியல் ரெக்கார்டு நோட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. இரவு 11 மணிவரை அவர்களுக்கு வரைந்துவிட்டு, தன் நோட்டை அரைகுறையாக முடிக்கிறாள். ‘முடியாதுன்னு சொல்லேன்’ என்றால் ‘உனக்குப் புரியாதும்மா’ என்கிறாள். வெளியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் வீட்டில் எங்களிடமும் தம்பியிடமும் எரிந்து விழுகிறாள். அவளைத் தைரியமாகப் பேசவைப்பது எப்படி? நானே ஆசிரியரிடம் சொல்லிவிடலாமா?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியரிடம் இப்போதைக்குப் போகவேண்டாம். போனால் மூன்று தோழிகளும் ஒரே நாளில் பேச்சை நிறுத்துவார்கள். அவள் பயப்படுவதே அதற்குத்தான்.

வெளியே விழுங்கியதைத்தான் வீட்டில் கொட்டுகிறாள். இங்கே கொட்டினால் யாரும் உறவை முறிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சாமலும் கத்தாமலும் மறுக்க ஒரு வாக்கியம் அவளுக்கு வாயில் படியவேண்டும். அறிவுரை கேட்டு அது படியாது, நடித்துப் பார்த்தால் படியும்.

சாயங்காலம் காய் நறுக்கும்போது நீங்கள் தோழியாக நடியுங்கள். சமத்துத் தோழியாக நடித்துவிடாதீர்கள். ‘ப்ளீஸ்டி, உன்ன விட்டா யாருடி இருக்கா’ என்று தொடங்கி, ‘அவளுக்கு மட்டும் போட்டுக் குடுத்தே’ என்று இழுத்து, ‘போடி, பெரிய இவ’ வரை போங்கள். முதல் தடவை மறுப்பது பலருக்கும் வந்துவிடும். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் குரல் இறங்கும். ஒத்திகை அதற்குத்தான்.

‘இல்லடி, இந்தத் தடவை என்னால வரைய முடியாது.’ அவ்வளவு போதும். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். ‘டெஸ்ட் இருக்கு’ என்றால் ‘சரி, டெஸ்ட் முடிஞ்சு குடு’ என்பார்கள். அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லட்டும். அமெரிக்க உளவியலாளர் மானுவல் ஸ்மித் 1975இல் எழுதிய நூல் பிரபலமாக்கிய உத்தி இது. அதன் பெயரே ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’. (உங்கள் வீட்டுப் பிரச்சினைக்குப் பொருத்தமான பெயர்தான்.) ‘எங்கம்மா திட்டுவாங்கடி’ என்று பழியை உங்கள்மேல் போட்டாலும் போடட்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் சிலர் இதை ஒப்பமாட்டார்கள். ஆரம்பத்துக்கு உதவும் என்பது என் கட்சி.

இனி உங்கள் பங்கு. வீட்டில் அவள் ‘முடியாது’ என்றால் என்ன ஆகிறது? விருந்தாளிகள் முன் பாட மறுத்தால் ‘எதிர்த்துப் பேசாதே’. பெரியப்பா கன்னத்தைக் கிள்ளும்போது நெளிந்தால் ‘உன்னைத் தூக்கி வளர்த்தவர்டி’. பல வீடுகளில் இப்படித்தான். உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அறைக் கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள். ‘இப்ப முடியாதும்மா, அரை மணி நேரம் கழிச்சு செய்றேன்’ என்றால் சரி என்று விடுங்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவமாட்டேன் என்பது மட்டும் இந்தக் கணக்கில் வராது! தம்பியிடம் கத்தும்போது அதையே கத்தாமல் சொல்லச் சொல்லுங்கள்: ‘என் பென்சிலைக் கேட்டுட்டு எடு.’ தினம் கிடைக்கிற பயிற்சி அது.

ஒன்றை மட்டும் இந்த ஒத்திகையோடு சேர்க்காதீர்கள். யாராவது தப்பாகத் தொட்டாலோ, போட்டோ கேட்டு மிரட்டினாலோ, பேசிச் சமாளிப்பது அவள் பொறுப்பு இல்லை. பயத்தில் குரலே வராமல் போகலாம். ‘அப்பவே ஏன் சொல்லல’ என்று கேட்டுவிடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐ அவளும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

நோட்டு விஷயத்துக்கு வருவோம். இப்போது கையில் இருப்பவற்றை வரைந்து கொடுத்துவிடட்டும், ஒப்புக்கொண்டாயிற்று. அடுத்த படத்துக்குக் கேட்கும்போது மறுக்கட்டும். மூவரில் யாரிடம் சொல்வது சுலபம் என்று அவளையே கேளுங்கள், அங்கிருந்து தொடங்கலாம். அந்தப் பெண் சில நாள் முகம் திருப்பக்கூடும். சமாதானம் செய்ய நீங்கள் நடுவில் போகாதீர்கள். மிரட்டி வரைய வைக்கிறார்கள் என்று தெரியவந்தால் மட்டும் மறுநாளே ஆசிரியரைப் பாருங்கள்.