கேள்வி – பதில்: உருவத்தில் எம்4, உள்ளே .22

கே: என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ சுட்டிருக்கிறேன். இப்போது டெக்சாஸில் கிரீன் கார்டோடு இருக்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் எம்4 கார்பைன் சாயலில் வரும் .22 ரைஃபிள்களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், மாஸ்பெர்க் மூன்றையும் பார்த்தேன். எதை வாங்கலாம்?
– வாசகர், ஆஸ்டின்

ப: வெளியே பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி. திறந்து பார்த்தால் உறவே கிடையாது.

மாஸ்பெர்க் 715டி என்பது 702 பிளிங்க்ஸ்டர் என்ற சாதாரண .22-க்கு மேல் இரண்டு பாதியாகப் பூட்டிய பிளாஸ்டிக் கூடு. துடைக்க வேண்டுமென்றால் வரிசையாக ஸ்க்ரூ கழற்ற வேண்டும். .22 தோட்டா கரியும் ஈயமும் மெழுகும் சேர்த்து அப்பும் சாதி. அடிக்கடி துடைத்தே ஆகவேண்டும். அதனால் இதைச் சின்னக் குறை என்று தள்ள முடியாது.

கோல்ட் பெயரில் வருவதை ஜெர்மனியின் வால்தர் உரிமம் பெற்றுச் செய்கிறது. உடல் உலோகம், எடை சுமார் 6 பவுண்டு. கையில் எடுத்தால் நிஜ எம்4 போலவே இருக்கும். ஆனால் ட்ரிகர் பாகங்கள் ஏஆர்-15 (எம்4 குடும்பத்தில் பொதுமக்களுக்கு விற்கும் ரைஃபிள்) பாகங்கள் அல்ல, மாற்றிப்போட முடியாது. பேரலும் ஒரே துண்டு அல்ல: உள்ளே மெல்லிய குழல், வெளியே தடித்த உறை, முனையில் இறுக்கும் நட். குறி திடீரென்று அங்கும் இங்கும் சிதறினால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் அந்த நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22, 2009-இல் வந்தது. உடல் முழுக்கப் பாலிமர், எடை சுமார் 5 பவுண்டுதான், பொம்மை போலத் தெரியும். ஆனால் பின்பக்கப் பூட்டு ஊசியைத் தள்ளினால் ஏஆர் போலவே மடிந்து திறக்கும். சேஃப்டி, மேகசின் பட்டன், போல்ட் கேட்ச் எல்லாம் அதே இடத்தில். ஏஆர் ட்ரிகர்கள் பலவும் பொருந்தும். பின்னால் ஏஆர்-15 வாங்கும் எண்ணமிருந்தால் கை பழகுவது இதில்தான். என் ஓட்டு இதற்கே.

பழையது வாங்கினால் ஒரு எச்சரிக்கை. 2019 பிப்ரவரி 1-க்கு முன் செய்த 15-22-களுக்கு நிறுவனமே பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் உலோகக் கட்டை) முகத்தில் தோட்டாவின் விளிம்பு உட்காரும் குழி சிலவற்றில் ஆழம் போதவில்லை. .22 ரிம்ஃபயர் வகை; அதில் தட்டினால் வெடிக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. போல்ட் மூடும்போது விளிம்பு நசுங்கினால், ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கலாம். போல்ட்டைச் சோதித்த பிறகே சுடுங்கள்.

கே: 15-22 வாங்கி ஒரு மாதம்தான். 25 ரவுண்டு மேகசினில் நாலைந்து முறையாவது மாட்டிக்கொள்கிறது. மொத்தப் பெட்டியில் வரும் மலிவு தோட்டாதான் போடுகிறேன்.
– வாசகி, அட்லாண்டா

ப: முதலில் மேகசினை நிரப்பும் விதத்தைப் பாருங்கள். பக்கவாட்டுப் பட்டனை அடிவரை இழுத்துப் பிடித்துத் தோட்டாக்களை உள்ளே கொட்டுகிறீர்களா? தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. பிடிமானம் இல்லாமல் விழும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மூக்கு குத்தி நிற்கும். ஒரு தோட்டாவுக்கு இடம் வருமளவு மட்டும் பட்டனை இறக்கி, ஒன்றொன்றாகப் போடுங்கள். நிரம்பியதும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள்.

அடுத்தது தோட்டா. இது புளோபேக் இயக்கம். காலி கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) உதைதான் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. விநாடிக்கு 1,070 அடி வேகமுள்ள ஸ்டாண்டர்ட் தோட்டாவில் போல்ட் பாதியில் திரும்பிவிடலாம். குண்டு 40 கிரெய்ன் எடை, 1,235 அடி வேகமுள்ள சிசிஐ மினி-மேக் ஒரு பெட்டி வாங்கி, அதே மேகசினில் சுட்டுப் பாருங்கள். மாட்டாமல் ஓடினால் ரைஃபிள் மேல் பழியில்லை.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து பிறகு வெளியே எடுங்கள். வழக்கத்தைவிட மெல்லிய 'பொத்' சத்தம் கேட்டால் அடுத்த குண்டு சுடவே கூடாது. முந்தையது பேரலுக்குள் நிற்கலாம். தோட்டாக்களை இறக்கிவிட்டு, பேரலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது.

கே: நான் எச்-1பி. நண்பரின் .22-ஐ ரேஞ்சில் சுடலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கும் ஆசை.
– வாசகர், சான் ஹோசே

ப: .22 சின்னது என்று சட்டம் சலுகை காட்டாது. குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி, எஃப்-1, அப்பாவின் விசிட்டர் விசா எல்லாம் இதில் அடங்கும். நண்பருடையதைச் சற்று நேரம் கையில் வாங்கினாலும் சிக்கல்தான். விதிவிலக்குகளில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது கையில் இல்லாமல் போகாதீர்கள்.

தோற்றம் பற்றியும் ஒரு வார்த்தை: கலிஃபோர்னியாவில் 'அசால்ட் வெப்பன்' (தடைக்குள் வரும் துப்பாக்கி வகை) வரையறையின் அம்சப் பட்டியல் சென்டர்ஃபயர் ரைஃபிள்களுக்குத்தான், அதாவது தட்டும் மருந்து விளிம்பில் அல்லாமல் தோட்டாவின் அடி நடுவில் இருப்பவற்றுக்கு. நியூயார்க்கின் 2013 சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை; கழற்றும் மேகசினோடு பிஸ்டல் கிரிப் இருந்தாலே .22-உம் மாட்டும். மாநிலம் மாறினால் மறுபடி விசாரியுங்கள்.

கே: கையில் ஏஆர்-15 இருக்கிறது. அதிலேயே .22 சுட வைக்கும் கன்வெர்ஷன் கிட் போதாதா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

ப: செலவு மிச்சம்தான், குறிதான் போகும். .22 பேரலில் வரித்திருகல் (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள்) வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எம்4-இல் 7 அங்குலத்துக்கு ஒன்று. அளவும் துல்லியமாகப் பொருந்தாது. போதாக்குறைக்கு ஏஆர்-15-இன் வாயுக் குழாயில் ஈயமும் கரியும் போய் அடையும். 25 கஜத்தில் டப்பா உருட்ட ஓகே. 50 கஜத்தில் ஸீரோ செய்து (குறியும் குண்டும் அங்கே சேரும்படி சரிசெய்து) 100 கஜம் போகும் ஆசை இருந்தால் தனி ரைஃபிள்தான். மினி-மேக் அந்த இடைவெளியிலேயே ஐந்தாறு அங்குலம் இறங்கிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கே: வீட்டில் தோட்டா இல்லாமல் ட்ரிகர் பயிற்சி செய்யலாமா?
– வாசகி, டாலஸ்

ப: பல ரிம்ஃபயர்களில் கூடாது. கேஸ் இல்லாத இடத்தில் சுடும் ஊசி நேராகச் சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் மோதி அதைச் சிதைக்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் சுவர் ஆங்கரைச் சேம்பரில் வைத்துப் பழகுகிறார்கள். கையால்தான் வைக்க வேண்டும். மேகசினில் போட்டால் ஏறாது. பத்துப் பன்னிரண்டு அடி வாங்கியதும் திருப்பி வைக்கலாம், விளிம்பு கிழிந்தால் குப்பைக்கு. தொடங்கும் முன் தோட்டாப் பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.