ஜாங்கோ 3.2-இல் இருந்து 5.2 வரை: சர்வர் அப்கிரேடு கேள்வி பதில்

சர்வரின் இயங்குதளமாக உபுண்டு 20.04, மொழியாக பைத்தான் 3.8, அந்த மொழியில் வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க்காக ஜாங்கோ 3.2. இந்த மூன்றும் சேர்ந்து ஓடும் சர்வர் இன்னும் நிறையப் பேரிடம் இருப்பது, எனக்கு வந்த கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த வேலையைப் பல தளங்களுக்குச் செய்திருக்கிறேன், சிலவற்றில் நன்றாக அடிபட்டும் இருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, தளம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, எதற்கு இதைத் தொட வேண்டும் என்று எங்கள் முதலாளி கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

தேதிகளைச் சொல்லுங்கள் தம்பி. ஜாங்கோ 3.2-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டன. பைத்தான் 3.8-க்கு அதே ஆண்டு அக்டோபரில் நின்றது. உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தில் முடிந்தது. ஆக, மூன்று அடுக்கிலும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. புதிய பதிப்பில் ஒரு ஓட்டையை அடைக்கும்போது அது என்ன ஓட்டை என்று ஊருக்கே அறிவிக்கிறார்கள், அதே ஓட்டை உங்கள் சர்வரில் இருந்தால் அடைக்க யாரும் வரப்போவதில்லை. வாடிக்கையாளர்களின் போன் நம்பரும் முகவரியும் அந்த டேட்டாபேஸில்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நேராக 5.2-க்குத் தாவலாமா? இல்லை 6.0-க்கே போய்விடலாமா?

6.0 வேண்டாம். அது 2025 டிசம்பரில் வந்தது, ஆனால் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு இல்லை. 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு, அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம்.

ஆனால் ஒரே தாவலில் போகாதீர்கள். ஜாங்கோ 3.2 பைத்தான் 3.10 வரைதான் தாங்கும். 5.2-க்குக் குறைந்தது 3.10 வேண்டும். நடுவில் இருக்கிற 4.2 மட்டும் பைத்தான் 3.8-இலும் ஓடும், 3.12-இலும் ஓடும். அதனால் 4.2 தான் பாலம். முதலில் பழைய சர்வரிலேயே, பழைய பைத்தானிலேயே, 3.2-இன் கடைசித் திருத்தமான 3.2.25-க்கு வந்து, அங்கிருந்து 4.2-க்குப் போங்கள். இரண்டு வாரம் ஓடட்டும். அப்புறம் ஜாங்கோவைத் தொடாமல் பைத்தானை மட்டும் 3.12-க்கு மாற்றுங்கள். அதற்கும் பிறகுதான் 5.2. மொழியையும் ஃபிரேம்வொர்க்கையும் ஒரே நாளில் மாற்றினால், ஏதாவது உடையும்போது உடைத்தது எது என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும்.

கேள்வி: பைத்தான் 3.12-ஐத் தனியாக நிறுவி, பைத்தான்3 என்ற கட்டளை அதையே காட்டும்படி மாற்றிவிட்டால் போதும் அல்லவா?

தயவுசெய்து செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் 20.04 சர்வரில் 3.9-ஐ நிறுவி, பைத்தான்3 என்ற சிம்லிங்கை (குறுக்குவழியை) அதற்குத் திருப்பிவிட்டேன். தளம் நன்றாகவே ஓடியது. மறுநாள் ஒரு சின்ன பேக்கேஜுக்காக ரெப்பாசிட்டரி ஒன்றைச் சேர்க்கப் போனால், ஏபிடி_பிகேஜி என்ற மாட்யூலே இல்லை என்று எரர். உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை, அவை அந்த உபுண்டுவோடு வந்த பைத்தானுக்கென்றே கம்பைல் ஆனவை. சிஸ்டம் பைத்தான் சிஸ்டத்தின் சொத்து. நமக்கு வேண்டியது நம்முடைய விஇஎன்வி மட்டும், அதாவது நம் புராஜெக்டுக்கென்று பைத்தானையும் பேக்கேஜ்களையும் தனியாக வைக்கும் ஃபோல்டர். அதில் எந்தப் பதிப்பு வேண்டுமானாலும் இருக்கட்டும்.

உபுண்டு 24.04-இல் விஇஎன்விக்கு வெளியே நின்று பிப் இன்ஸ்டால் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) கொடுத்தால் அதுவே மறுத்துவிடும். அந்த மறுப்பை மீறுவதற்கென்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதை சர்வரில் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பழைய விஇஎன்வி ஃபோல்டரை அப்படியே புது சர்வருக்குக் காப்பி செய்தேன். ஜாங்கோவே இல்லை என்கிறது.

அந்த ஃபோல்டருக்குள் லிப் என்பதைத் திறந்து பாருங்கள், பைத்தான்3.8 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்கள் பேக்கேஜ்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. 3.12 அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பார்த்தாலும் பில்லோ, சைக்கோபிஜி2 மாதிரி சி மொழியில் கம்பைல் ஆன பேக்கேஜ்கள் வேலை செய்யாது. விஇஎன்வி என்பது நகர்த்துகிற பொருள் இல்லை. புதிதாக உருவாக்கி, பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்கொயர்மென்ட்ஸ் ஃபைலில் இருந்து நிறுவுங்கள். 3.12-இல் பேக்கேஜ்களைக் கட்ட உதவும் டிஸ்ட்யூடில்ஸ் நீக்கப்பட்டுவிட்டது, புது விஇஎன்வியில் செட்டப்டூல்ஸும் தானாக வராது. பழைய பேக்கேஜ் ஏதாவது இவற்றைக் கேட்டு நின்றால், அந்த பேக்கேஜின் புதுப் பதிப்பைத் தேடுங்கள். அது வரும்வரைக்கும் செட்டப்டூல்ஸைக் கையால் நிறுவிச் சமாளிக்கலாம்.

கேள்வி: எது எது உடையும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் டெஸ்ட் எதுவும் கிடையாது மேடம்.

ஜாங்கோவே சொல்லும், நாம்தான் காது கொடுப்பதில்லை. பைத்தானை டபிள்யூ-ஏ என்ற வார்னிங் ஆப்ஷனோடு ஓட்டினால், அடுத்த பதிப்புகளில் நீங்கப்போகும் ஒவ்வொன்றையும் வரி எண்ணோடு காட்டும். 3.2-இல் அந்த வார்னிங் ஒன்றுகூட வராத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு 4.2-க்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய யுஆர்எல் ஃபங்ஷன், யுகெட்டெக்ஸ்ட், இஸ்_அஜாக்ஸ் மூன்றும் 4.0-இல் போய்விட்டன, பழைய புராஜெக்டில் இவை நிச்சயம் இருக்கும்.

டெஸ்ட் இல்லையென்றால் இப்போது ஒன்றே ஒன்று எழுதுங்கள். ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்டை (பிரவுசர் போலப் பக்கங்களைத் திறக்கும் கருவி) வைத்து லாகின் செய்து, உங்கள் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை திறந்து 200 (சரி என்ற பதில்) வருகிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட். அரை நாள் வேலைதான். இந்த டெஸ்டிலும் மாட்டாத சிலவற்றைக் கையால் பார்த்துவிடுங்கள். லாக்அவுட்டைச் சாதாரண லிங்காக வைத்திருப்பீர்கள், 5.0 முதல் அது போஸ்ட்டாக வந்தால்தான் ஏற்கும், லிங்கை அழுத்தினால் 405 என்ற மறுப்பு வரும். டெம்ப்ளேட்டில் டேபிள் டேகுக்குள் ஃபார்மை நேராகப் போட்டிருந்தால், 5.0-இல் அது டிவ்களாக வந்து பக்கத்தின் அமைப்பே கலைந்துவிடும். பக்கம் 200 தான் தரும், பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: ஸ்டேஜிங்கில் எல்லாம் சரி. லைவ் போன ஐந்தாவது நிமிடத்தில் எல்லா ஃபார்மிலும் 403, சிஎஸ்ஆர்எஃப் எரர். 3.2-க்குத் திரும்பிவிட்டோம்.

திரும்பியது சரியான முடிவு. ஸ்டேஜிங்கில், அதாவது ஒத்திகைச் சர்வரில், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இல்லாமல், ஜாங்கோவோடு வரும் ரன்சர்வரில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சிஎஸ்ஆர்எஃப் காவல் என்பது வேறு தளம் உங்கள் பயனரின் பெயரில் ஃபார்ம் அனுப்புவதைத் தடுப்பது. அதற்காக 4.0 முதல் ஜாங்கோ, பிரவுசர் அனுப்பும் ஆரிஜின் ஹெடரையும் (எந்தத் தளத்தில் இருந்து வருகிறது என்ற குறிப்பு) சரிபார்க்கிறது. உங்கள் என்ஜின்எக்ஸ் வெளியே எச்டிடிபிஎஸ்-ஸில் வாங்கி, உள்ளே ஜாங்கோவை ஓட்டும் ஜியூனிகார்னுக்கு வெறும் எச்டிடிபியாகக் கொடுக்கிறது. பிரவுசர் நான் எச்டிடிபிஎஸ் தளத்தில் இருந்து வருகிறேன் என்கிறது, ஜாங்கோ தன்னை எச்டிடிபி தளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, இரண்டும் பொருந்தாததால் யாரோ வெளியாள் என்று கதவைச் சாத்திவிடுகிறது. என்ஜின்எக்ஸில் ஹோஸ்ட் ஹெடரையும், வெளியே வந்தது எச்டிடிபிஎஸ்-ஸா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரையும் அனுப்பச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் செக்யூர் பிராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் என்ற அமைப்பில் அதை நம்பச் சொல்லுங்கள். சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஆரிஜின்ஸ் பட்டியல் வைத்திருந்தால், ஒவ்வொரு டொமைனுக்கும் முன்னால் எச்டிடிபிஎஸ் என்பதும் சேர வேண்டும், முன்பு அது தேவைப்படவில்லை. ஸ்டேஜிங்கிலும் என்ஜின்எக்ஸும் சான்றிதழும் வைத்தே பாருங்கள்.

கேள்வி: மருத்துவர் அப்பாயின்ட்மென்ட் தளம் ஒன்று. 4.2-க்கு மாறிய பிறகு 10 மணிக்குப் பதிவு செய்தால் 10:23 என்று காட்டுகிறது. பழைய பதிவுகள் மட்டும் சரியாக இருக்கின்றன. தலை சுற்றுகிறது அக்கா.

23 நிமிடம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் கோடில் 23 என்ற எண்ணைத் தேடுங்கள். நேரத்தைக் காட்டும் இடத்தில் யாரோ ஒருவர் 23 நிமிடம் கூட்டும் ஒரு வரியைப் போட்டு வைத்திருப்பார்.

கதை இதுதான். 4.0-க்கு முன்னால் ஜாங்கோ பைட்ஸ் என்ற பேக்கேஜை நேர மண்டலங்களுக்குப் பயன்படுத்தியது. அதில் ஆசியா/கொல்கத்தா மண்டலத்தை நேரடியாக ஒரு டேட்டைமில் வைத்தால், இந்திய நேரமான 5:30-ஐ எடுக்காமல், அந்தக் காலத்துக் கொல்கத்தா உள்ளூர் நேரமான 5:53-ஐ எடுத்துக்கொள்ளும். லோக்கலைஸ் என்ற ஃபங்ஷன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், பலருக்கு அது தெரியாது. அதனால் 10:00 என்று பதிந்தது 9:37 ஆக வந்திருக்கும், அவசரத்தில் யாரோ 23-ஐக் கூட்டி அடைத்திருக்கிறார். 4.0 முதல் ஜாங்கோ பைத்தானின் ஸோன்இன்ஃபோவுக்கு மாறிவிட்டது, அது ஒழுங்காக 5:30 என்று எடுக்கிறது. இப்போது சரியான நேரத்தின் மேல் அந்த 23 ஏறி உட்கார்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இரண்டு, இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். கூட்டும் வரியை எடுங்கள். 4.2 லைவ் போன நிமிடத்துக்கு முன்னால் உருவான பதிவுகளுக்கு மட்டும் டேட்டாபேஸில் 23 நிமிடம் ஒரே ஒருமுறை கூட்டுங்கள். முதலில் பேக்கப். இரண்டு முறை ஓடிவிடாதபடி அதை ஒரு டேட்டா மைக்ரேஷனாக (ஓடி முடிந்ததை ஜாங்கோ குறித்துவைக்கும் டேட்டாபேஸ் மாற்றம்) எழுதுவது நல்லது. இன்னொன்று, எங்காவது ஆசியா/கல்கத்தா என்று பழைய பெயர் இருந்தால் கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள், உபுண்டு 24.04-இல் பழைய பெயர்கள் டிஇஸட்டேட்டா-லெகசி என்ற தனி பேக்கேஜுக்குப் போய்விட்டன.

கேள்வி: மேக்மைக்ரேஷன்ஸ் கொடுத்தால் எல்லா டேபிளின் ஐடியையும் மாற்றுவதாகச் சொல்கிறது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். புது புராஜெக்டின் செட்டிங்ஸில் இருந்து, ஐடி எந்த வகை என்று சொல்லும் டிஃபால்ட் ஆட்டோ ஃபீல்டு வரியைக் காப்பி செய்திருப்பீர்கள், அதில் பிக்ஆட்டோஃபீல்டு என்று இருக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் அது ஒவ்வொரு டேபிளையும் பூட்டிவைத்து முழுதாகத் திரும்ப எழுதும், பெரிய டேபிள் என்றால் அதுவரை தளம் நிற்கும். இப்போதைக்கு ஆட்டோஃபீல்டு என்றே எழுதுங்கள்.

கேள்வி: உபுண்டுவையும் அதே சர்வரில் ஏற்றிவிடலாமா, புது சர்வர்தான் எடுக்க வேண்டுமா?

புது சர்வர். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போகும், போகட்டும். அதே இடத்தில் ஏற்றினால் 22.04-இல் ஒருமுறை, 24.04-இல் ஒருமுறை விஇஎன்வி உடையும். பழைய போஸ்ட்கிரஸ் 12 அப்படியே தங்கிவிடும், ஜாங்கோ 5.2-க்கோ குறைந்தது போஸ்ட்கிரஸ் 14 வேண்டும். சிஸ்டத்தின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி மாறுவதால் எழுத்து வரிசை மாறி, டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் பிழையாகும் ஆபத்தும் உண்டு. 24.04-ஓடு போஸ்ட்கிரஸ் 16 வருகிறது. பழைய டேட்டாபேஸை பிஜி_டம்ப் கொண்டு ஃபைலாக எடுத்து அதில் ஏற்றினால் இண்டெக்ஸ் எல்லாம் புதிதாக உருவாகிவிடும்.

முன்னதாகவே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள், டம்ப் எடுக்கவும் ஏற்றவும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். தளத்தை எவ்வளவு நேரம் மூட வேண்டும் என்பது அதில்தான் தெரியும். முதல் நாளே டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (டொமைனின் பழைய முகவரி வெளியே நினைவில் இருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். அப்லோடு ஃபைல்களை ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) மூலம் முன்பே அனுப்பிவிட்டு, தளத்தை மூடியதும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். பழைய சர்வரில் செலரி பீட்டை (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) நிறுத்த மறந்தால் ஒரே எஸ்எம்எஸ் இரண்டு சர்வரில் இருந்தும் போகும். ஜாங்கோ செட்டிங்ஸில் இருக்கும் சீக்ரெட் கீ மாறக் கூடாது, மாறினால் எல்லோரும் லாக்அவுட் ஆவார்கள், மெயிலில் போன பாஸ்வேர்டு ரீசெட் லிங்குகளும் செல்லாது.

கேள்வி: சர்வீஸ் ஃபைலில் புது விஇஎன்வி பாதையைக் கொடுத்து ரீலோடு செய்தேன், பழைய பதிப்பே ஓடுகிறது.

ரீலோடு செய்தால் ஜியூனிகார்னின் தாய் புராசஸ் பழைய பைத்தானிலேயே தொடரும். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டிக்கு டீமன்-ரீலோடு கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். செலரியின் சர்வீஸ் ஃபைலிலும் பாதையை மாற்றினீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தது அக்கா, 5.2-இல் ஓடுகிறது. பழைய சர்வரை எப்போது அழிக்கலாம்?

மாதக் கடைசி ரிப்போர்ட், இன்வாய்ஸ் மாதிரி மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் கிரான் வேலைகள் புது சர்வரில் ஒரு தடவை சரியாக ஓடி முடியட்டும். அதுவரை பழையதை அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். அழிக்கும் நாளில் அதன் கடைசி டம்பையும், என்ஜின்எக்ஸ் ஃபைல்களையும், கிரான் வேலைகளின் பட்டியலான கிரான்டேபையும் வேறு இடத்தில் எடுத்து வைத்து, அந்த டம்ப் ஒரு காலி டேட்டாபேஸில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.