தேக்காவில் உட்கார்வது

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணினித் துறையில் வேலை. சென்ற ஞாயிறு மாலை மனைவியுடன் தேக்கா (லிட்டில் இந்தியா வட்டாரம்) போயிருந்தேன். புல்வெளி, படிக்கட்டு, வீவக (அரசு அடுக்குமாடி) கீழ்த்தளம் எங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைபேசியில் உரத்த பேச்சு, குப்பை. தேக்காவின் பழைய சூழலே போய்விட்டது என்று மனைவி வருந்தினாள். தங்குவிடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு மையங்கள் இருக்கும்போது ஏன் இங்கே வருகிறார்கள்? இடம்பெயர்ந்தவர்கள் ஒரு நகரத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்று அறிய எதைப் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பதைப் பிறகு பார்க்கலாம். குப்பைக்கும் பெரிய விளக்கம் வேண்டாம், தொட்டி நிரம்பினால் தரையில் விழும். சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பது உங்கள் கடிதத்தில் உள்ள 'உட்கார்ந்திருந்தார்கள்' என்ற சொல்லைத்தான்.

முதலில், எது பழைய சூழல்? ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது 1842 முதல் 1933 வரை அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலால். பஃபலோ சாலைக்கு மாட்டு வணிகத்தால். கூலிக்கு வந்தவர்கள் உண்டாக்கிய இடம் அது. நீங்கள் படமெடுத்துக்கொள்ளும் வண்ணக் கடைவீடுகள் மரபுப் பாதுகாப்புப் பகுதி ஆனது 1989இல்தான். நீங்களும் வந்தவர், எஸ். ஆறு வருடத்தில் அது மறந்துவிடுமா?

மையம் இருக்கிறதே என்கிறீர்கள். தீவின் மேற்கு ஓரத்துத் துவாஸில் இருப்பவர் துவாஸ் மையத்தில் யாரைப் பார்ப்பார்? வாரம் முழுக்கப் பார்த்த அதே அறைக்காரரை. மைத்துனர் வடகிழக்கே பொங்கோலில், ஊர்க்காரர் வடமேற்கே கிராஞ்சியில். எல்லோருக்கும் நடுவில் இருப்பது தேக்கா. பணம் அனுப்பும் கடை நடக்கும் தூரத்தில், விடுதிக்குத் திரும்பப் பேருந்து, எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த ஒரு மரத்தடி. இவ்வளவும் ஒன்றாக அமையும் இடத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022இல் ஞாயிறுகளில் தேக்காவுக்கு வர விடுதித் தொழிலாளர்கள் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

உரத்த பேச்சுக்கு வருவோம். 2021இல் வந்த புதிய விதிப்படி, புதிதாகக் கட்டும் விடுதியில்கூட ஓர் அறைக்கு 12 பேர் வரை இருக்கலாம், தலைக்கு 4.2 சதுர மீட்டர். அங்கே மனைவியிடம் தனியாகப் பேச மூலை ஏது? சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். தேக்காவில் ஏழரை என்றால் ஊரில் ஐந்து மணி, பிள்ளை விளையாடிவிட்டு வீடு திரும்பும் நேரம். பக்கத்தில் பத்துப் பேர் பேசுகிறார்கள், சாலையில் வண்டிச் சத்தம், அந்தப் பக்கம் அம்மா "கேக்கல, கேக்கல" என்கிறார். குரல் உயராமல் என்ன செய்யும்?

இனி உட்கார்வது. புல்வெளியில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அங்கே வேலி போட்டால் படிக்கட்டுக்கு வருவார்கள். படிக்கட்டிலிருந்து எழுப்பினால் கடைவீட்டு நடைபாதைக்கு. ஐந்தடி நடைபாதை என்றால் ஒன்றரை மீட்டர்தான். சுவரோரம் கால் நீட்டி நாலு பேர் உட்கார்ந்தால் வழி அடைபடும், நடப்பவர் சாலையில் இறங்குவார். உடனே 'கூட்டம்' என்று புகார், இன்னொரு தடுப்பு. ஆட்கள் அதே எட்டுப் பேர். உட்காரும் இடம் சுருங்கச் சுருங்க நெரிசல் கூடுகிறது. 2013 டிசம்பர் 8 அன்று தேக்காவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம், 2015 ஏப்ரல் முதல், சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை அங்கே பொதுவெளியில் மது அருந்தத் தடை விதித்தது. அதன் பிறகும் ஞாயிறுதோறும் வருகிறார்கள் என்றால், அவர்கள் வருவது குடிக்க அல்ல, உட்கார.

உங்கள் மனைவியின் சங்கடத்தை நான் தள்ளவில்லை. ஆண்கள் மட்டுமே நிறைந்த தெருவில் நடக்கும் பெண்ணுக்கு உடல் இறுகும். ஆனால் ஏன் ஆண்கள் மட்டுமே என்று அவரிடம் சொல்லுங்கள். அவர்களுடைய வேலை அனுமதி அட்டையில் மனைவியை அழைத்துவர முடியாது. உங்களால் முடிந்தது.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கே இருவரும் போங்கள். பழைய நாளிதழ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் புல் ஈரமாக இருக்கும்.