வேப் சுவை, வேப் பழக்கம்: மருந்தாளரிடம் கேட்டவை

மலேசியாவின் கிள்ளானில் மருந்தகம் நடத்துகிறேன். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் என் வேலையில் சேர்த்தி. இப்போது வருகிறவர்களில் பலர் கையில் சிகரெட் இல்லை, வேப் (திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின்சிகரெட்) இருக்கிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை நீக்கிவிட்டுப் பதில் தருகிறேன்.

படிவம் 3 படிக்கும் என் மகன் பையில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று கிடைத்தது. மாம்பழ வாசனை அடிக்கிறது. கேட்டால், "வெறும் ஃபிளேவர்தான்மா, நிக்கோடின் இல்லை" என்கிறான். நம்பலாமா?

அவன் பொய்தான் சொல்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். நண்பன் கொடுத்ததை இழுத்துப் பார்க்கிற பிள்ளை லேபிளைப் படிப்பதில்லை.

நீங்கள் படியுங்கள். 3% அல்லது 5% என்று சின்ன எழுத்தில் இருக்கும். 5% என்றால் ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் நிக்கோடின். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக்கூடாது. லேபிளே இல்லையென்றால், இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுவதுதான் பாதுகாப்பு. மாம்பழ வாசனையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அவனிடம் "யார் கொடுத்தான்?" என்று ஆரம்பிக்காமல், "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் இதைத் தேடுகிறாய்? ஓய்வு நேரம் வரை வகுப்பில் உட்கார முடிகிறதா?" என்று கேளுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் கை தேடுகிறது என்றால் பழக்கம் பிடித்துவிட்டது. அப்போது அவனுக்குத் தேவை உதவி. ரோத்தான் (பிரம்பு) எடுத்தால் அடுத்த வேப் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

பெரியவர்கள் சிகரெட்டை விடுவதற்குத்தான் வேப் என்கிறார்கள். அப்படியானால் புகையிலைச் சுவை ஒன்று போதாதா? எதற்குத் தர்ப்பூசணி ஐஸ், திராட்சை, பபிள்கம்?

சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேப் திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். அதில் நிக்கோடினும் சுவையூட்டிகளும் கலந்திருக்கும். பழைய வகை நிக்கோடின் காரத்தன்மை உள்ளது. அளவு கூடினால் தொண்டையைக் கிழிக்கும். புதிதாக இழுக்கும் பிள்ளை இரண்டு இழுப்பில் இருமிவிட்டு வைத்துவிடும். அந்த எரிச்சல் ஒருவகையில் காவல்காரன். 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற வேப் அந்தக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியது. நிக்கோடினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கினால் காரம் தணிந்து, அதிக அளவும் மிருதுவாக இறங்கும். அதன் மேல் மாம்பழ இனிப்பு. இன்றைய "ஐஸ்" வகைகளில் புதினா வாசனையே இல்லாமல் குளிர்ச்சி மட்டும் தரும் செயற்கைப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். குளிர்ச்சி எரிச்சலை மறைக்கும், இனிப்பு கசப்பை மறைக்கும். சுவையின் முதல் வேலை இதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இளையவர்களிடம் இது எடுபட்டதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2024இல் வேப் பிடித்த பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் சுவையூட்டியதைத்தான் பிடித்தார்கள், பழச்சுவைதான் முதலிடம். நம் நாட்டில் வேப் பிடிக்கும் பதின்ம வயதினர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9. அதே காலத்தில் சிகரெட் பிடிக்கும் பிள்ளைகள் குறைந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பெரியவர்களும் பழச்சுவையைத்தான் விரும்புகிறார்கள். சிகரெட்டை விட்டவரிடம் புகையிலைச் சுவையைக் கொடுத்தால் "பழைய ஞாபகம் வருது, வேண்டாம்" என்பார். அதனால் சுவையை முழுக்கத் தடை செய்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். 2020 தொடக்கத்தில் அமெரிக்கா, திரவக் குப்பியை மாற்றிப் போடும் பாட் (pod) வகைகளில் மட்டும் பழச்சுவையை நிறுத்தப் பார்த்தது. பிள்ளைகள் பயன்படுத்தி எறியும் வகைக்கு மாறிக்கொண்டார்கள், அதில் எல்லாச் சுவையும் கிடைத்தது. என்னைக் கேட்டால் முதலில் நிக்கோடின் அளவில் கை வைக்க வேண்டும். அடுத்து மிட்டாய்ப் பெயர்களும் கார்ட்டூன் பெட்டிகளும் போக வேண்டும். 2025இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் இருந்த ஒரு திரவத்தின் பெயர் "ஜிம்மி த ஜூஸ் மேன் பீச்சி ஸ்ட்ராபெரி". நாற்பது வயதுக்காரரை மனத்தில் வைத்தா இந்தப் பெயரை வைத்திருப்பார்கள்?

லோரி ஓட்டுகிறேன். பல வருஷம் சிகரெட், இப்போது வேப். மனைவி "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறாள். உண்மையா?

ஒன்று இல்லை அண்ணே. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில் வருபவை. வேப்பில் எரிதல் இல்லாததால் கெடுதல் குறைவு. கெடுதலே இல்லை என்று அர்த்தம் ஆகாது.

இங்கிலாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் 886 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேப், மறு பாதிக்குச் சுவிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்ற நிக்கோடின் மாற்று மருந்துகள் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் பக்கம் 18 விழுக்காடு, மறுபக்கம் 9.9. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி வேப்பால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஒரு வருஷம் கழித்தும் வேப்பை விடவில்லை. உங்கள் மனைவி பக்கமும் நியாயம் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான்: டீக்கடையில் நிறுத்தும்போது சிகரெட்டும் பிடிக்கிறீர்களா? பிடித்தால் மாறியதன் பலன் பெரும்பாலும் வீண். முதலில் அந்தச் சிகரெட்டை முழுக்க நிறுத்துங்கள். அது நின்று நிலைத்த பிறகு வேப்பின் நிக்கோடின் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். ஓட்டும்போது கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சிகரெட் ஒன்று தீர்ந்தால் தீர்ந்தது. வேப்புக்கு முடிவு கிடையாது, கிள்ளானில் ஏறி ஈப்போ வரை இழுத்துக்கொண்டே போகலாம்.

எனக்கு 17 வயது. எஸ்பிஎம் தேர்வு டென்ஷனுக்குத்தான் வேப் பிடிக்கிறேன், பிடித்தால் மனசு அமைதியாகிறது. விட்டால் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். எப்படி விடுவது?

தங்கச்சி, அந்த டென்ஷனில் ஒரு பங்கை உண்டாக்குவதே நிக்கோடின்தான். இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறையப் படபடப்பு, எரிச்சல், கவனச் சிதறல். மறுபடி இழுத்தால் அது அடங்குகிறது. அதைத்தான் அமைதி என்கிறாய். தேர்வு மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் உட்காரும்போது இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

விட்ட முதல் மூன்று நாள் மோசம். பிறகு தணிந்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் தேர்வுக்கு முதல் வாரம் ஆரம்பிக்காதே, பள்ளி விடுமுறையில் ஆரம்பி. அரசாங்க கிளினிக்குகளில் பழக்கத்தை விட உதவும் சுகாதார அமைச்சின் எம்குவிட் சேவை இருக்கிறது. நிக்கோடின் சுவிங்கத்தை நீயாக வாங்கிப் போடாமல் அங்கே கேட்டுவிட்டு எடு.

வேப் பிடித்தால் "பாப்கார்ன் நுரையீரல்" வருமா?

டயசெட்டில் என்ற வெண்ணெய்ச் சுவையூட்டியால் வந்த பெயர் இது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுண்ணிய மூச்சுக்குழாய்கள் அடைபட்டன. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத பொருளை நாள் முழுக்க மூச்சில் இழுத்ததன் விளைவு. பின்னால் வேப் திரவங்கள் சிலவற்றிலும் டயசெட்டில் இருப்பது தெரிந்து, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தடுத்துவிட்டார்கள். சிகரெட் புகையில் அதைவிட அதிகம் இருக்கிறது. வேப்பால் அந்த நோய் வந்ததாக உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் "உணவுத் தரச் சுவையூட்டி" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தத் தரம் வயிற்றுக்குக் கொடுத்தது. இலவங்கப்பட்டைச் சுவை தரும் சின்னமால்டிஹைடு ஆய்வுக்கூடத்தில் நுரையீரல் செல்களைப் பாதிக்கிறது.

நண்பன் யாரோ கொடுத்த வேப்பை இழுத்துவிட்டு நிற்க முடியாமல் தள்ளாடினான். சாதாரண வேப்தான் என்றான்.

சாதாரண வேப் பொதுவாக ஒருவரை அப்படிச் சாய்க்காது. எட்டோமிடேட் கலந்த "கேபாட்" ஆக இருக்கலாம். அது அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்க மருத்துவமனையில் ஊசியாகப் போடும் மருந்து. தொடர்ந்து இழுத்தால் அட்ரினல் சுரப்பியை முடக்கும். அடுத்த முறை இப்படி நடந்தால் வீட்டில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 999ஐக் கூப்பிடுங்கள். அவன் இழுத்த வேப்பையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறேன், பிறகு சென்னை. வேப்பை எடுத்துப் போகலாமா?

இரண்டு இடத்துக்கும் வேண்டாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம், பயணிகளுக்கும் அதே சட்டம். எட்டோமிடேட்டை 2025 செப்டம்பரில் போதைப்பொருள் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாமே தடை.

கடைக்காரர் என் தம்பிக்கு வேப் விற்கிறார். கேட்டால் "சட்டத்தில் இடம் இருக்கு" என்கிறார்.

இருந்தது, இப்போது இல்லை. நிக்கோடின் திரவம் முன்பு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் இருந்தது. 2023 மார்ச் 31இல் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மாற்றாக வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1இல். இடையில் ஒன்றரை வருஷம், பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைக்கு விற்றாலும் தடுக்க வயது வரம்பு இல்லை. இருமல் மருந்து சிலவற்றுக்கே பதிவேட்டில் பெயர் எழுதி வாங்கும் எங்களுக்கு இது இன்னும் செரிக்கவில்லை. இப்போது 18 வயதுக்குக் கீழ் விற்பது குற்றம். சுகாதார அமைச்சில் புகார் செய்யலாம்.

வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. கணவர் திரவப் போத்தலை மேசையிலேயே வைக்கிறார்.

இன்றைக்கே பூட்டு போட்ட அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஸ்ட்ராபெரி வாசனை, வண்ணப் போத்தல். குழந்தை குடிக்கத்தான் பார்க்கும். கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், நீங்களாக வாந்தி எடுக்கவும் வைக்காமல், போத்தலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் கொட்டினால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள்.

தீர்ந்துபோன டிஸ்போசபிள் வேப்பைக் குப்பையில் போடலாமா?

வேண்டாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய கைப்பேசி, பேட்டரி வாங்கும் மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள்.